இரவல் கைகள்

அன்புள்ள ஐயா,

பெருந்தொற்றுக் காலம் பற்றி நீங்கள் எழுதியதில் உலக சுகாதார நிறுவனத்தைக் குறித்து நல்லவிதமாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 2020இல் எல்லைகளை மூடியவை நாடுகள். தடுப்பூசியை வாங்கிப் பதுக்கியவையும் நாடுகள். ஜெனீவாவில் அதன் தலைமையகத்தில் இருப்பவர்கள் அறிக்கை வாசித்ததோடு சரி. என் நண்பர் ஒருவரோ இதற்கு நேர்மாறாகச் சொல்கிறார். புதிதாக வந்திருக்கும் பெருந்தொற்று ஒப்பந்தத்தால் நாளை நம் ஊரில் ஊரடங்கு போடும் அதிகாரமே அவர்களிடம் போய்விடுமாம். உலகத்தை யார்தான் ஆள்கிறார்கள், நாடுகளா, இந்த நிறுவனங்களா?

எஸ்., திருப்பூர்


அன்புள்ள எஸ்.,

என் அம்மாவின் முன்கையில் காலணா அளவில் இரண்டு தழும்புகள் இருந்தன. சிறுவயதில் அம்மை குத்தியது. முள் பதித்த வட்டமான கருவியைத் தோலில் வைத்துத் திருகுவார்களாம். புண் ஆறப் பல நாட்கள் ஆகும். என் கையில் இருக்கும் தழும்பு சிறியது. எனக்கு இரண்டு முனை ஊசியால் குத்தினார்கள். கவட்டை போன்ற அந்த முனைகளுக்கு நடுவே ஒரு துளி மருந்து நிற்கும். அதைக் கொண்டு ஒரே இடத்தில் 15 முறை குத்தினால் போதும்.

அந்தச் சின்னத் தழும்புக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஊசியை உருவாக்கிய அமெரிக்க மருந்து நிறுவனம் பெரியம்மை ஒழிப்புக்காக உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்தது. கோடிக்கணக்கான தடுப்பு மருந்தைச் சோவியத் ஒன்றியம் இலவசமாகத் தந்தது. கிண்டி கிங் நிலையத்திலும் தயாரித்தார்கள். திட்டம் ஜெனீவாவில் உருவானது. வீடு தேடி வந்து கையைப் பிடித்தவர் மாநில அரசின் ஊழியர். உலகம் முழுவதும் பெரியம்மையை ஒழிக்கலாம் என்று 1958இல் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவையில் முன்மொழிந்தவர் சோவியத் துணை அமைச்சர் விக்டர் ஷ்தானவ். முன்மொழிந்த இடம் அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரம். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. 1966இல் இதற்கென ஆண்டுக்கு 24 லட்சம் டாலர் கேட்டபோது, தேவையானதைவிட இரண்டே வாக்குகள் கூடுதலாகப் பெற்றுத்தான் தீர்மானம் தப்பியது.

1974இல் பிகாரில் நடந்த ஒரு கூட்டத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு அங்கே பெரியம்மை கட்டுக்கடங்காமல் பரவியது. ஜாம்ஷெட்பூரில் ரயிலேறியவர்களோடு எங்கெங்கோ போய் இறங்கியது. நோய் கண்ட வீட்டைத் தேடிப்பிடித்து, அதைச் சுற்றியுள்ளவர்களுக்கு மட்டும் அம்மை குத்துவது புதிய முறை. இது பலிக்கவில்லை, பழையபடி எல்லோருக்கும் குத்தப்போகிறோம் என்று மாநில சுகாதார அமைச்சர் அறிவித்துவிட்டார். உலக சுகாதார நிறுவனத்தோடு வந்த வெளிநாட்டு வல்லுநர்களால் வாதாட முடிந்ததே தவிர, அமைச்சருக்கு உத்தரவிட முடியவில்லை. அப்போது ஓர் இளம் இந்திய மருத்துவர் எழுந்தார். எங்கள் கிராமத்தில் ஒரு வீடு தீப்பிடித்தால் எரிகிற வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லா வீட்டிலும் ஊற்றிக்கொண்டிருக்க மாட்டோம் என்ற பொருளில் பேசினார். அமைச்சர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். மறு ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980 மே 8 அன்று உலகத்தைவிட்டே போய்விட்டதாக அறிவித்தார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறது. இந்த நிறுவனங்களுக்குச் சொந்தமாகக் கை கிடையாது. நாடுகள் இரவல் கொடுத்த கைகளால்தான் வேலை செய்கின்றன. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அப்படிப் பெற்றுக்கொண்டவரே, "பாருங்கள், இதற்குக் கையே இல்லை" என்று பழி சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2020க்கு வருகிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். 2002 நவம்பரில் குவாங்டாங் மாகாணத்தில் தொடங்கிய சார்ஸ் என்ற சுவாச நோயைப் பற்றிச் சீனா மறு ஆண்டு பிப்ரவரியில்தான் வாய் திறந்தது. அந்த அனுபவத்தால் நாடுகள் கூடிப் புதிய சர்வதேச சுகாதார விதிகளை எழுதின. அவை 2007இல் நடைமுறைக்கு வந்தன. பிற நாடுகளுக்கும் பரவக்கூடிய அபாயம் என்று தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு நாடு தகவல் தர வேண்டும். அரசு மறைத்து, வேறு வழியில் செய்தி கசிந்தாலும் நிறுவனம் விளக்கம் கேட்கலாம். இதற்கு முன் இல்லாத உரிமை இது. ஆனால் பதில் சொல்லாத நாட்டை என்ன செய்வது? விதிகளில் தண்டனை ஏதும் இல்லை. கதவைத் தட்டலாம், உடைக்க முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டவை நாடுகளே.

2020 ஜனவரி 30 அன்று, சீனாவுக்கு வெளியே நூறு பேருக்குக்கூட நோய் உறுதியாகாத நிலையில், நிறுவனம் தன்னிடம் இருந்த மிக உயர்ந்த அபாயமணியை அடித்துவிட்டது. அதன் பிறகும் பல அரசுகள் பிப்ரவரி முழுவதும் கைகட்டி நின்றன. நியூசிலாந்தின் முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க், லைபீரியாவின் முன்னாள் அதிபர் எல்லன் ஜான்சன் சர்லீஃப் இருவரும் தலைமையேற்ற ஆய்வுக்குழு, அது வீணாகிப்போன மாதம் என்று எழுதியது. அதே குழு, மணியை ஜனவரி 22இலேயே அடித்திருக்கலாம் என்றும் சொன்னது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்நாட்களில் நிறுவனத்தின் தலைவர் சீனாவை மேடையில் பாராட்டியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கதவைத் தட்டும் உரிமை மட்டுமே உள்ளவர் வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ள அஞ்சுகிறார் என்பது விளங்குகிறது. விளங்குவதாலேயே அது சரியாகிவிடாது.

பணத்தையும் பார்த்துவிடுங்கள். ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரியாக வருவது செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, மற்றதெல்லாம் உபயதாரர்கள் கொடுப்பது, அவர்களோ "என் பணம் வாணவேடிக்கைக்கு மட்டும்" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் திருவிழாவை நடத்துவது யார்? உலக சுகாதார நிறுவனத்தின் வரவு செலவு ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. உறுப்பு நாடுகளின் சந்தாவை 2030-31க்குள் படிப்படியாக உயர்த்தி, அடிப்படைச் செலவில் பாதியை அதிலிருந்து எடுப்பது என்று 2022இல் ஒப்புக்கொண்டார்கள். அது கைகூடும் முன்பே, 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அதிபர் டிரம்ப் விலகல் ஆணையில் கையெழுத்திட்டார். மிகப்பெரிய உபயதாரர் கிளம்பியதும் ஜெனீவாவில் ஆட்குறைப்பு தொடங்கியது.

அப்படியானால் பெரிய நாடுகள் வைத்ததுதான் சட்டமா? இந்த இடத்தில் நான் உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். 2007இல் பறவைக்காய்ச்சலால் அதிக உயிர்களை இழந்துகொண்டிருந்த நாடு இந்தோனேசியா. அது வழக்கப்படி உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலையமைப்புக்கு அனுப்பிய வைரஸ் மாதிரியைக் கொண்டு ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரிப்பது தெரியவந்தது. அந்த ஊசியை விலை கொடுத்து வாங்க இந்தோனேசிய ஏழைகளால் முடியாது. சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி, இனி மாதிரி அனுப்ப மாட்டோம் என்று நிறுத்திவிட்டார். உலகத்தையே ஆபத்தில் தள்ளுகிறார் என்று பணக்கார நாடுகள் கொதித்தன. ஆபத்து உண்மையானதுதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. நான்கு ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு, 2011இல், பறவைக்காய்ச்சல் போன்ற இன்ஃப்ளுயன்சா நோய்களின் மாதிரிகளைப் பெறும் மருந்து நிறுவனங்கள் தடுப்பூசியில் ஒரு பங்கையோ மருந்தையோ தொழில்நுட்பத்தையோ தர வேண்டும், நிதியும் செலுத்த வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே ஒரு வாக்கு உள்ள மன்றம் இருந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடம் இருந்தது. தனியாகப் போய் எந்த மருந்து நிறுவனத்தின் வாசலில் இந்தோனேசியா நின்றிருக்க முடியும்?

கொரோனாவுக்கு அந்த ஏற்பாடு பொருந்தவில்லை, அது இன்ஃப்ளுயன்சாவுக்கு மட்டும் உரியது. ஏழை நாடுகளுக்கு ஊசி வழங்க வந்த கோவாக்ஸ் திட்டம் இந்தியத் தயாரிப்பைப் பெரிதும் நம்பியிருந்தது. 2021 வசந்த காலத்தில் இரண்டாம் அலை எழுந்தபோது இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. நம் மக்கள் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்த அந்நாட்களில் அரசு வேறு முடிவு எடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அந்த ஊசியை நம்பி ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் பாதுகாப்பின்றி வேலை பார்த்த செவிலியர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

உங்கள் நண்பரின் அச்சத்துக்கு வருகிறேன். 2025 மே 20 அன்று ஏற்கப்பட்ட பெருந்தொற்று ஒப்பந்தத்தில், ஊரடங்கு போடச் சொல்லவோ, தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ, பயணத் தடை விதிக்கவோ, எந்த நாட்டின் சட்டத்தையும் மாற்றவோ உலக சுகாதார நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அவர் அந்தப் பகுதியைப் படித்தால் கவலை தீரும். கவலைப்பட வேண்டிய பகுதி வேறு. பெருந்தொற்று நேரத்தில், இதில் சேரும் மருந்து நிறுவனங்கள் தங்கள் தடுப்பூசி, மருந்து உற்பத்தியில் 20 விழுக்காட்டை எட்டும் அளவை உடனுக்குடன் ஒதுக்க வேண்டும், குறைந்தது பாதியை இலவசமாகத் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. மாதிரி கொடுப்பது, பலனைப் பகிர்வது பற்றிய விவரங்களைத் தனி இணைப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த இணைப்பு ஏற்கப்பட்டால்தான் ஒப்பந்தம் கையெழுத்துக்கே வரும். பிறகு 60 நாடுகள் உறுதிசெய்ய வேண்டும். இந்தியா அங்கே நோய்மாதிரி கொடுக்கும் நாடாகவும் உட்கார்ந்திருக்கிறது, ஊசி தயாரித்து விற்கும் நாடாகவும் உட்கார்ந்திருக்கிறது. டெல்லி எந்த இடத்திலிருந்து பேசுகிறது என்பதைத்தான் நான் கவனித்துவருகிறேன். உங்கள் நண்பரையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.