அளவெடுத்துச் செய்த பழைய ரேஸ் சைக்கிள் ஃபிரேம் கிடைத்திருக்கிறது. பெயிண்ட் அடித்து விற்றால் என்ன விலை போகும்?

தயவுசெய்து இப்போதைக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். புனலூர்ப் பக்கம் எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்யும்போது கிடைத்தது, இங்கிலாந்தில் கையால் செய்ததாம், சக்கரம் இல்லை, பெயிண்ட் பாதி உரிந்திருக்கிறது, சீட் கம்பி இறுகிப்போய் அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட இதே நிலையில்தான் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.

எனக்குச் செங்கோட்டை. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர், அதனால் மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. எங்கள் தாத்தா ஆரியங்காவுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதினார். அங்கிருந்த துரை ஊருக்குக் கிளம்பும்போது தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போன சைக்கிள் அது. பரணில் பல வருஷம் கிடந்ததை நான் இறக்கி, புதுசுபோல ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் சுத்தமாகத் தேய்த்து, பட்டி பூசி, நீலத்தில் பளபளவென்று அடித்துக் கொடுத்தார்கள். சீட் குழாயில் அரைகுறையாக ஒட்டியிருந்த எழுத்துகள் போயின. அடியில் இருந்த எண்ணையும் அரைத்துவிட்டுப் பட்டியால் மூடியிருந்தார்கள். அதைச் செய்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த மாதிரி ஃபிரேமுக்கு மதிப்பே யார் செய்தது, எந்த ஆண்டு, அசலாக எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதில்தான். ஃபிரேமைக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல் அச்சு போகும் உருளைக்கு அடியிலோ, பின்சக்கரம் மாட்டும் கவட்டையிலோ எண் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம். குழாய்கள் சேரும் மூட்டுகளில் இருக்கும் இரும்பு உறை, லக் என்பார்கள், அதன் ஓரம் எப்படி வெட்டியிருக்கிறது என்று பாருங்கள். நல்ல கைவினைஞர் அந்த ஓரத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்து இலை நுனிபோல மெலிதாக்கியிருப்பார், விரலை ஓட்டினால் மேடு தட்டாது. பின்பக்கக் கம்பிகள் நேராக இல்லாமல் நெளிந்து வளைந்திருந்தால் ஹெட்சின்ஸ் என்ற இங்கிலாந்துத் தயாரிப்பாளருடையதாக இருக்க வாய்ப்பு உண்டு, அது சேகரிப்பவர்கள் தேடும் பெயர்.

குழாய் எந்த ரகம் என்பது அடுத்தது. ரெனால்ட்ஸ் 531 என்பது 1935-இல் பர்மிங்காமில் வந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு. முனைகளில் தடிப்பாகவும் நடுவில் மெலிதாகவும் இழுத்த குழாய், அதனால்தான் அந்த எடைக் குறைவு. ஸ்டிக்கர் போயிருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. சீட் கம்பி வெளியே வந்தபின் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள், சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ., கம்பி 27.2 மி.மீ. என்றால் குழாயின் சுவர் அங்கே 0.7 மி.மீ.கூட முழுதாக இல்லை என்று அர்த்தம். சாதாரணக் குழாயில் அப்படி வராது. என்னுடையது 531 தரத்துக் குழாய்தான் என்று நான் நம்புவது இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

விலைக்கு இணையத்தில் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள், யாரும் எவ்வளவும் கேட்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லி, அதே பெயர், அதே காலம், அதே உயரம் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். உயரமும் முக்கியம், ஒருவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது என்பதால் 25 அங்குல ஃபிரேம் என்றால் வாங்க ஆள் கிடைக்கவே நாளாகும். இங்கிலாந்தில் 1955-இல் தொடங்கிய வெட்டரன் சைக்கிள் கிளப்பில் ஒவ்வொரு தயாரிப்பாளரின் பெயருக்கும் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படங்களோடு எழுதிக் கேளுங்கள்.

ஆனால் அடிபட்ட ஃபிரேம் என்றால் எந்தப் பெயரும் காப்பாற்றாது. ஹேண்டில்பார் குழாய்க்குப் பின்னால், மேல் பாரிலும் கீழ் பாரிலும், அடிப்பக்கமாகக் கட்டைவிரலை ஓட்டுங்கள். துணி மடிப்புபோல ஒரு நெளிவு தட்டினால் முன்னால் மோதியிருக்கிறது. பின் கவட்டையின் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் கட்டி, நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் கோட்டமும் தெரிந்துவிடும். லேசான கோட்டம் என்றால் பதறவேண்டாம், எஃகு என்பதால் அனுபவம் உள்ளவர் சூடு காட்டாமலே நிமிர்த்திவிடுவார்.

சீட் கம்பி அலுமினியமாக இருந்தால், எஃகோடு சேர்ந்து நம் ஊர் ஈரத்தில் அரித்து இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் விட்டு இரண்டு வாரம் பொறுங்கள், ஃபிரேமைக் கவிழ்த்து அடிப்பக்கமாகவும் விடுங்கள். பைப் ரிஞ்சு போட்டு முறுக்கினால் கம்பி வருவதற்கு முன்னால் குழாய் கிழியும். அப்புறம் பெடல் அச்சின் வலப்பக்கக் கப்பு, அதாவது அச்சைத் தாங்கும் கிண்ணம். இங்கிலாந்து ஃபிரேமில் அது எதிர்மரை, கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் சுத்தியலால் அடித்து மரை போன ஃபிரேம்களைப் பார்த்திருக்கிறேன். விரிசல் இருந்தால் கேட்டுக்குப் போடும் ஆர்க் வெல்டிங் கூடவே கூடாது, அந்த மெலிந்த குழாய் ஓட்டையாகிவிடும். இவை பித்தளையோ வெள்ளியோ உருக்கி ஒட்டியவை, அந்த வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

துருவுக்கு ஆக்சாலிக் அமிலம் போதும், கையுறை போட்டுக்கொண்டு, முதலில் ஒரு மூலையில் மட்டும் தொட்டுப் பாருங்கள், முடிந்ததும் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் வையுங்கள். குழாய்க்கு உள்ளே தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், அது காயாது. காய்ந்து படலமாகப் பிடிப்பது ஆளிவிதை எண்ணெய்தான், கொஞ்சம் ஊற்றி எல்லாப் பக்கமும் சாய்த்து வடித்துவிடுங்கள். குற்றாலச் சாரல் வீசும் மாதங்களில் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஸ்பானரே துருப்பிடிக்கிறது, உங்கள் பக்கம் மழை இன்னும் கூடுதல். மிஞ்சியிருக்கும் பெயிண்ட்டின் மேல் மெழுகு தடவினால் போதும், உரிந்த இடம் உரிந்த இடமாகவே இருக்கட்டும்.

அடியில் உள்ள எண், லக், பின் கவட்டை மூன்றையும் படமெடுத்துக் கேள்வியில் சேருங்கள், பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.