தேனி மாவட்டம் கூடலூரில் வீடு, வேலை கேரள ஏலத்தோட்டத்தில்: எங்களுக்கு மருத்துவக் காப்பீடு எந்த மாநிலத்தில் கிடைக்கும்?

கேட்டவர் சொன்ன நிலவரம்: கணவன், மனைவி இருவரும் தினம் ஜீப்பில் குமுளி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை தேவை, கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் செய்யலாமா என்று யோசிக்கிறார்கள்.

வேலை எங்கே, முதலாளி யார் என்பதை அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பார்ப்பதில்லை. ரேஷன் கார்டு எந்த மாநிலம், வருமானச் சான்றில் என்ன தொகை, இந்த இரண்டுதான் கணக்கு. அதனால் உங்களுக்கு உரியது தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022 ஜனவரி வரை இது 72,000 ஆக இருந்தது. பழைய தொகையைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் விட்டுவிடாதீர்கள்.

அரிசி கார்டா, சர்க்கரை கார்டா என்பது இங்கே தடை இல்லை. அப்படி நினைத்தே விண்ணப்பிக்காமல் இருக்கிற குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சிக்கல் வருவது வருமானத்தில்தான். ஒருவர் நாளுக்கு 500 ரூபாய் வீதம் 200 நாள் வேலை பார்த்தால் 1,00,000. இருவருக்கும் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் ஏலக்காய் பறிக்கும் காலம் போக மற்ற மாதங்களில் வேலை குறைவு. மழை நாளும் உண்டு. ஆகவே வருமானச் சான்றுக்காக விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) கேட்கும்போது ஒரு நாள் கூலியை மட்டும் சொல்லி நிறுத்தாமல், வருடத்தில் உண்மையில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதையும் சொல்லுங்கள். கடனுக்காக முன்பு கூடுதல் தொகை போட்டுச் சான்று வாங்கியிருந்தால், அதுவும் வருவாய்த் துறைப் பதிவில் இருக்கும். இரண்டும் முரண்பட்டால் கேள்வி வரும்.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்குப் பதியலாம். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்த பின் தாசில்தார் அலுவலகத்தில் ஒப்புதல் ஆகும். பிறகு அந்தச் சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு தேனி கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். காப்பீட்டுக்கு நீங்கள் பிரீமியம் எதுவும் கட்ட வேண்டாம்.

அம்மாவின் பெயர் உங்கள் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனிக் கார்டு வைத்திருந்தால் அவர் தன் வருமானத்தைக் காட்டித் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் ‘முத்தம்மாள்’, ரேஷன் கார்டில் ‘முத்துலட்சுமி’ என்று இருந்தால் அதைத் திருத்திவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அலைய நேரும். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டுக் கார்டிலேயே கிடப்பதும் இதே மாதிரி வம்புதான்.

இனி கோட்டயம். தமிழ்நாட்டு அட்டை இருந்தாலே கேரளத்தில் செல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். பொதுவாக 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் உங்கள் குடும்பம் இருந்தால்தான் மத்திய அரசின் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் பலன் உண்டு (70 வயது நிரம்பியவர்களுக்கு 2024 முதல் தனி விதி உண்டு). அதுதான் மாநிலம் தாண்டிச் செல்லும், ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. அந்தப் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்க விண்ணப்பம் கிடையாது. ஆயுஷ்மான் உதவி எண்ணான 14555இல் ஆதாரைச் சொல்லிக் கேளுங்கள். கோட்டயம் புறப்படும் முன்பே இதைச் செய்யுங்கள். பெயர் இல்லையென்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் கேட்பதுதான் நல்லது.

கேரள அரசின் காப்பீட்டுத் திட்டமான காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி, அங்கேயே ரேஷன் கார்டு வைத்திருக்கும் வண்டிப்பெரியாறு, மூணாறுத் தமிழர்களுக்குப் பொருந்தும். அதிலும் 2018-19இல் ஆர்எஸ்பிஒய் (மத்திய அரசின் பழைய காப்பீடு) அல்லது சிஸ் (கேரளத்தின் பழைய காப்பீடு) அட்டையைப் புதுப்பித்தவர்களோ ஆயுஷ்மான் பாரத்துக்கான பிரதமர் கடிதம் பெற்றவர்களோதான் வருவார்கள். மற்றவர்களுக்குக் காருண்யா பெனவலண்ட் ஃபண்ட் என்ற கேரள அரசின் சிகிச்சை உதவி நிதி இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் 2 லட்சம் வரை, சிறுநீரக நோய்க்கு 3 லட்சம் வரை கிடைக்கும். இதற்காக இரண்டு மாநிலத்திலும் ரேஷன் கார்டு எடுக்க வேண்டாம். ஆதார் இணைப்பில் தெரிந்துவிடும், இருக்கிற கார்டும் போகும்.

எந்த ஆஸ்பத்திரியானாலும் சேரும்போதே அட்டையைக் காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் அவர்கள் அனுமதி வாங்க வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டு, பின்னால் பில்லைக் காட்டிப் பணம் வாங்கலாம் என்று நம்பாதீர்கள். இது ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம். சும்மா வந்து டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிப் போவதற்கும் இது செல்லாது. எந்தச் சிகிச்சை, எந்த ஆஸ்பத்திரி என்று சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டுத் திட்டத்தின் உதவி எண் 1800 425 3993க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை.