ஊட்டி டூர்ல பொது டாய்லெட் யூஸ் பண்ணா யூரின் இன்ஃபெக்ஷன் ஒட்டிக்குமா?

கேட்டவங்க விஷயம் இதுதான். சென்னைலேர்ந்து மே மாசம் குடும்பத்தோட ஊட்டி வர்றாங்க, கூட சுகர் இருக்கிற அம்மாவும் நாலு வயசுப் பொண்ணும், வழில பொது டாய்லெட் போனா ஏதாவது தொத்திக்குமோன்னு பயந்து அம்மா "நான் தண்ணியே குடிக்காம வந்துடுறேன்"னு சொல்றாங்களாம், அது சரியான்னு கேக்குறாங்க.

சரியே இல்லைங்க. நான் குன்னூர்ல நர்ஸா இருக்கேன், சீசன்ல எங்ககிட்ட வர்ற டூரிஸ்ட் பெண்கள் நிறைய பேரு சொல்ற கதை ஒரே மாதிரிதான் இருக்கும், காலைல மேட்டுப்பாளையத்துல ஒரு காபி குடிச்சதோட சரி, ரூம் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வாய் தண்ணி இல்ல, யூரினும் அடக்கி அடக்கி ஒரே ஒரு தடவைதான், மறுநாள் எரிச்சல், அதுக்கடுத்த நாள் குளிர் ஜுரம். வந்ததும் அவங்க குறை சொல்றது வழில வேற வழியில்லாம போன அந்த ஒரு டாய்லெட்டத்தான்.

யூரின் இன்ஃபெக்ஷன் பெரும்பாலும் வெளிலேர்ந்து வர்றது இல்ல. நம்ம குடல்லயே இருக்கிற ஈகோலைங்கிற பாக்டீரியா, மலம் போற இடத்துலேர்ந்து முன்பக்கமா நகர்ந்து யூரின் பாதைக்குள்ள ஏறிடுது, பெண்களுக்கு அந்தப் பாதை 4 செ.மீ. அளவுதான் இருக்கும் அதனாலதான் நமக்கு இது ஜாஸ்தி. யூரின் போகும்போதெல்லாம் ஏறுனதை அடிச்சு வெளிய தள்ளிடும், நீங்க அடக்கி வெச்சா அது உள்ளயே உக்காந்து பெருகுறதுக்கு நேரம் குடுக்குறீங்க. 2018ல ஜாமா இன்டர்னல் மெடிசின்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, அடிக்கடி இந்தத் தொல்லை வர்ற, தண்ணி கம்மியா குடிக்கிற 140 பெண்கள், பாதிப் பேர தினமும் 1.5 லிட்டர் கூடுதலா குடிக்கச் சொன்னாங்க, ஒரு வருஷத்துல அவங்களுக்கு சராசரியா 1.7 தடவைதான் வந்துச்சு, மத்தவங்களுக்கு 3.2. மருந்து மாத்திரை எதுவும் கூட்டல, வெறும் தண்ணிதான்.

சீட்ல உக்காந்தா எய்ட்ஸ் வரும், கொனோரியாங்கிற வெட்டை நோய் வரும்னு இன்னும் சொல்றாங்க. வராது. எச்ஐவி சீட்லேர்ந்து பரவாது, வெட்டை நோய்க் கிருமி உடம்பை விட்டு வெளிய வந்தா சீக்கிரமே செத்துடும், தொடைல புண்ணு இல்லாத தோலு நல்ல தடுப்புச் சுவர். ஈரமா இருந்தா துடைச்சிட்டு உக்காருங்க. சீட்ல படாம அந்தரத்துல குனிஞ்சு நின்னு போறாங்க பாருங்க அதத்தான் வேண்டாம்னு சொல்லுவேன், அப்படி நிக்கும்போது இடுப்புக்கு அடில இருக்கிற தசை இறுக்கமாவே இருக்கும், முழுசா வெளிய போகாம கொஞ்சம் உள்ள தங்கிடும், சீட்டும் நனையும், அடுத்து வர்றவங்க பாவம்.

அப்ப பயப்பட வேண்டியது எதுக்குன்னா கைக்கு. கதவுத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, எல்லாத்துக்கும் மேல அந்த பிளாஸ்டிக் மக்கு. கழுவி முடிச்ச கையோட எல்லாரும் பிடிக்கிற பொருள் அதுதான். வாந்தி பேதி வர வைக்கிற நோரோவைரஸ், மஞ்சள் காமாலைல ஏ வகை, சீதபேதி, டைபாய்டு எல்லாம் மலத்துலேர்ந்து கைக்கு, கைலேர்ந்து வாய்க்குன்னு போறதுதான், நோரோவைரஸ் மாதிரி சிலது தாழ்ப்பாள்ல நாள்கணக்குல கூட உயிரோட கிடக்கும். பினாயில் வாசனை வந்தா சுத்தம், மூத்திர நாத்தம் வந்தா நோய்னு மூக்க வெச்சு முடிவு பண்ணாதீங்க, நாத்தம் நோய் தராது, பளிச்சுனு இருக்கிற தாழ்ப்பாள் தரலாம். உங்க பொண்ணு டாய்லெட்லேர்ந்து வெளிய வந்ததும் கைல ஒரு ஊட்டி வர்க்கியோ மசாலா தடவுன மாங்காயோ குடுப்பீங்க இல்ல, அந்த ரெண்டு நிமிஷம்தான் எனக்குக் கவலை.

சானிடைசர் இருக்கேன்னு சொல்லுவீங்க, நோரோவைரஸுக்கு அது சரியா வேலை செய்யாது, கைல அழுக்கு இருந்தாலும் செய்யாது. சோப்பு வேணும். நம்ம ஊரு டாய்லெட்ல சோப்பு இருக்கும்னு நம்பி வராதீங்க, ஒரு சின்ன டப்பால சோப்புத் துண்டு இல்லன்னா பேப்பர் சோப் ஹேண்ட்பேக்ல போட்டு வாங்க. ஊட்டில வேற ஒரு சிக்கல் என்னன்னா தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், விரல் நுனிய மட்டும் நனைச்சிட்டு ஓடி வந்துடுவாங்க. கை கழுவ சுடுதண்ணி தேவையே இல்லைங்க, கை பொறுக்குற சூட்டுல எந்தக் கிருமியும் சாகாது, சோப்பும் தேய்க்கிறதும்தான் அதைக் கழட்டி விடுது, 20 செகண்ட் விரலிடுக்கு நகம்னு தேய்ச்சு, சுத்தமான கர்சீப்ல ஈரம் போகத் துடைச்சிடுங்க, இந்தக் குளிர்ல ஈரக்கையோட இருந்தா தோலு வெடிக்கும்.

கழுவுறதுக்கு வாளில தேங்கிக் கிடக்கிற தண்ணிய விட குழாய்ல வர்ற தண்ணி நல்லது, மக்க மொதல்ல ரெண்டு தடவை அலசிட்டு எடுங்க, பின்னால தெளிக்கிற பைப் இருந்தா கொஞ்சம் தண்ணிய வீணா விட்டுட்டு அப்புறம் யூஸ் பண்ணுங்க. எப்பவும் முன்னாலேர்ந்து பின்னால கழுவணும், பொண்ணுக்கும் இப்பவே பழக்கிடுங்க. வெட் டிஷ்யூவ டாய்லெட் கோப்பைக்குள்ள போடாதீங்க, நிறைய டிஷ்யூல பிளாஸ்டிக் நாரு இருக்கு, அடைச்சுக்கும், அதைக் கையால எடுக்கப்போறது அந்தக் குளிர்ல நிக்கிற ஒரு அக்காதான். நாப்கினும் அப்படித்தான், பேப்பர்ல சுத்தி குப்பைத் தொட்டில போடுங்க.

தண்ணி பாட்டில் பத்தி ஒண்ணு, நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை, செக்போஸ்ட்ல வாங்கி வெச்சுக்குவாங்க, அதனாலயும் நிறைய பேரு தண்ணி இல்லாமலே மலை ஏறிடுறாங்க. ஸ்டீல் பாட்டில் ரெண்டு எடுத்துட்டு வாங்க, வழில வாட்டர் ஏடிஎம் இருக்கு, நிரப்பிக்கலாம். மலை ரயில்ல வர்றதா இருந்தா பெட்டில டாய்லெட் கிடையாது, 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும், மேட்டுப்பாளையத்துல ஏறும்போதும் குன்னூர்ல நிக்கும்போதும் வருதோ வரலையோ அம்மாவ கூட்டிட்டுப் போயிடுங்க. கார்ல வந்தா குன்னூருக்கு ஏறுற வழில இருக்கிற பர்லியார்ல நிறுத்துங்க, அதை விட்டா வளைவுல டிராபிக் மாட்டுனா எப்ப குன்னூர் வருவீங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது.

மேல வந்ததும் அம்மாவுக்கு அடிக்கடி யூரின் வரும், அதைப் பாத்து இன்ஃபெக்ஷன்னு பயந்துடாதீங்க. குளிர்ல தோலுக்குப் போற ரத்தக் குழாய் சுருங்கி ரத்தம் உள்பக்கமா சேருது, தண்ணி அதிகமாயிடுச்சுன்னு எடுத்துக்கிட்டு கிட்னி வெளிய தள்ளுது, அவ்வளவுதான், எரிச்சலோ ஜுரமோ இல்லன்னா பெரும்பாலும் அது குளிரோட வேலை.

ஆனா அம்மா என்ன சுகர் மாத்திரை போடுறாங்கன்னு ஒரு தடவை மருந்துச் சீட்ட எடுத்துப் பாருங்க. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு இருந்தா அது சர்க்கரைய யூரின் வழியா வெளியேத்துற மாத்திரை, யூரின் ஜாஸ்தியாப் போகும், தண்ணி குடிக்கலன்னா உடம்பு வறண்டுடும், பிறப்புறுப்புல பூஞ்சை அரிப்பும் வர வாய்ப்பிருக்கு, அவங்க கழுவிட்டு ஈரம் போகத் துடைச்சுக்கணும். மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பயணம் போறோம்னு சொல்லிக் கேட்டுக்குங்க.

டூர்லயோ ஊருக்குப் போனப்புறமோ எரிச்சல், யூரின்ல ரத்தம், குளிர் ஜுரம், விலாவுக்குப் பின்னால வலின்னு ஏதாவது வந்தா மெடிக்கல்ல போய் ஆன்டிபயாடிக் ரெண்டு குடுங்கன்னு வாங்காதீங்க. மாத்திரை உள்ள போயிட்டா அப்புறம் கல்ச்சர்ங்கிற, யூரின்ல கிருமிய வளர்த்துப் பாக்குற டெஸ்ட்ல கிருமி சரியாத் தெரியாது, எந்த மருந்து கேக்கும்னு டாக்டரால கண்டுபிடிக்க முடியாது, சுகர் இருக்கிறவங்களுக்கு இன்ஃபெக்ஷன் கிட்னி வரைக்கும் ஏறலாம். ஜுரம் இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க, மொதல்ல யூரின் டெஸ்ட்டுக்குக் குடுங்க, மாத்திரை அதுக்கப்புறம்.