மேற்கோள் குறிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் ஒற்றை மேற்கோள் குறி சரியா, இரட்டை சரியா?

பதில்: இரண்டும் சரியே. அமெரிக்கர் இரட்டைக் குறியை இட்டு, பேச்சுக்குள் வரும் பேச்சுக்கு ஒற்றைக் குறியை இடுவர். பிரிட்டிஷ் நூல்களில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும். ஒரே கட்டுரையில் இரண்டு வழக்கையும் கலக்காதீர்கள்.

கேள்வி: முற்றுப்புள்ளி குறிக்கு உள்ளேயா, வெளியேயா?

பதில்: எந்த நாட்டு வழக்கு என்று குறிப்பிடாமல் கேட்டால் எப்படி? அமெரிக்க வழக்கில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் உள்ளேதான் வரும். பிரிட்டிஷ் வழக்கில் புள்ளி மேற்கோளுக்கு உரியதாயின் உள்ளேயும், முழு வாக்கியத்துக்கு உரியதாயின் வெளியேயும் வரும். வினாக்குறிக்கு இரு நாட்டிலும் பொருளே அளவுகோல். மீண்டும் சொல்கிறேன், கலக்காதீர்கள்.

கேள்வி: ஒரு சொல்லை அழுத்திக் காட்ட மேற்கோள் குறி இடலாம் அல்லவா?

பதில்: கூடவே கூடாது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் குறிகளுக்குள் வைத்தால், 'இது என் சொல் அன்று, பிறர் சொல்வது' என்று பொருள். அதிலிருந்து கிளைத்தவையே ஐயமும் ஏளனமும். இவ்வகைக் குறிக்கு 'ஸ்கேர் கோட்ஸ்' என்று பெயர்; மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கோம் 1956-இலேயே இச்சொல்லை ஆண்டிருக்கிறார். மீன்கடைப் பலகையில் 'ஃப்ரெஷ்' என்ற சொல்லுக்கு மட்டும் குறி இட்டிருந்தால், ஆங்கிலம் அறிந்தவர் அதனை 'புதிய மீன் என்று இவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள்' என்றே படித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார். பணி ஓய்வு நாளில் எனக்குத் தந்த கேடயத்தில், நேர்மையான பணியைப் பாராட்டும் ஆங்கில வரியில் 'ஹானஸ்ட்' என்ற சொல் மட்டும் குறிகளுக்குள் பொறிக்கப்பட்டிருந்தது. அதனை இன்றுவரை வரவேற்பறையில் வைக்கவில்லை. அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்தோ சாய்வெழுத்தோ போதும்.

கேள்வி: மேற்கோள் பல பத்திகளுக்கு நீண்டால்?

பதில்: ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறப்புக் குறி வரும், மூடும் குறி கடைசிப் பத்தியின் முடிவில் மட்டும் வரும். நூறு சொற்களை எட்டினால், குறியே இல்லாமல் உள்தள்ளி அச்சிடுவது மேல்.

கேள்வி: 'ஹி செட் தட்' என்று எழுதியபின் குறி இடலாமா?

பதில்: தமிழில் நேர்க்கூற்றுக்கும் அயற்கூற்றுக்கும் 'என்று' பொதுவாக வருவதால் நம்மவர் தடுமாறும் இடம் இது. 'தட்' வந்தால் அது அயற்கூற்று, குறி வேண்டியதில்லை. அவர் சொன்ன தொடர் ஒன்றை அப்படியே எடுத்தாளும்போது மட்டும் அத்தொடருக்குக் குறி இடலாம்.

கேள்வி: கவிதைத் தலைப்புக்குக் குறி உண்டா?

பதில்: தனிக் கவிதைக்கு உண்டு. தொகுப்பு நூலின் பெயருக்குச் சாய்வெழுத்து.