மூணு வட்டியை முதலில் முடியுங்கள்

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். வாரத்தில் மூன்று நாள்தான் கடல், காற்று அடித்தாலோ ஸ்ட்ரைக் என்றாலோ அதுவும் இல்லை. வீடு கட்ட 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம், மாதம் 7,198 ரூபாய். இரண்டு வருடம் கட்டிவிட்டோம். போன மீன்பிடித் தடைக்காலத்தில் வாங்கிய 40,000 ரூபாய் கைக்கடன் இன்னும் மூணு வட்டியில் நிற்கிறது. மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது, அதுதான் நான் தொடாமல் வைக்கக்கூடிய பணம். டீயைக் குறை, ஹோட்டலைக் குறை என்று எழுதுகிறார்கள், எங்கள் வீட்டில் குறைக்க என்ன இருக்கிறது? இந்த 1,000 ரூபாயை 8 லட்சம் கடனில் போட்டால் கடலில் கரைத்த பெருங்காயம்தானே?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: இல்லை தங்கச்சி, கரையாது. ஆனால் அதை இப்போதே வீட்டுக் கடனில் போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். உங்கள் வீட்டுக் கடனைப் போல நான்கு மடங்கு. 1,000 ரூபாயை வீட்டுக் கடன் அசலில் போட்டால் வருடத்துக்கு 90 ரூபாய் வட்டி மிச்சம், அதே 1,000 ரூபாயை இந்தக் கைக்கடனில் அடைத்தால் 360 ரூபாய் மிச்சம். இப்போது மாதா மாதம் 1,200 ரூபாய் வட்டி மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அசல் 40,000 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. குறைக்க எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வீட்டில் குறைக்க வேண்டிய ஒரே செலவு இந்த 1,200 ரூபாய்தான். நீங்கள் குடிக்கும் டீயில் எந்தத் தப்பும் இல்லை.

வீட்டில் கொஞ்சம் நகை இருந்தால், ஒரு சங்கிலியோ இரண்டு வளையலோ, அதைக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்து இந்த 40,000-ஐ ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். அங்கே வட்டி வருடத்துக்கே பத்துப் பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கழுத்தில் கிடந்ததைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் வெறும் கழுத்தோடு போக வேண்டியிருக்கும், நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். இதுவரை வட்டியாகப் போன 1,200, உங்கள் 1,000, இரண்டையும் சேர்த்து மாதம் 2,200 நகைக் கடனுக்குக் கட்டினால் 20 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். வருடம் முடிகிற நேரத்தில் மட்டும் போய் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துவிடுங்கள், ஏலம் வரைக்கும் விடாதீர்கள்.

இனி வீட்டுக் கடனுக்கு வருவோம். இரண்டு வருடத்தில் நீங்கள் கட்டிய மொத்தப் பணம் 1,72,752 ரூபாய். அதில் அசலில் குறைந்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 31,400 ரூபாய், மற்றதெல்லாம் வட்டி. படிக்கும்போது வயிறு எரியும், ஆனால் வங்கி ஏமாற்றவில்லை, கடன் பெரிதாக இருக்கிற ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போகும் என்பதுதான் கணக்கு. உங்களுக்குச் சாதகமான விஷயமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. தவணைக்கு மேலே நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் முழுக்க அசலில் போய் விழும். இன்றைய நிலுவை 7,68,600 ரூபாய்க்கு மாதம் 1,000 மட்டும் கூடுதலாகக் கட்டினால், பாக்கி 18 வருடம் என்பது பதிமூன்றரை வருடமாகிவிடும், வட்டியில் சுமார் 2,20,000 ரூபாய் மிச்சம். நகை திரும்பிய பிறகு அந்த 2,200 முழுவதையும் இங்கே திருப்பிவிட்டால் இன்னும் சீக்கிரம் முடியும். பெருங்காயம் என்றீர்களே, இந்தக் குழம்பில் அது நன்றாகவே மணக்கும்.

ஒரு எச்சரிக்கை, இது நான் பட்ட பாடு. எங்கள் வீட்டுக் கடனில் ஒரு முறை சீட்டு எடுத்த பணம் 50,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கட்டினோம். வாயால் சொல்லிவிட்டு வந்தோம். அந்த வங்கியில் கடன் காலத்தைக் குறைக்காமல் மாதத் தவணையைக் குறைத்துவிட்டார்கள். தவணை குறைந்ததே என்று சந்தோஷமாக இருந்துவிட்டோம், ஒரு வருடம் கழித்து ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தால் கடன் முடிகிற தேதி அசையவே இல்லை. அதனால் எழுதிக் கொடுங்கள்: ‘இந்தத் தொகையை அசலில் வரவு வைத்து, மாதத் தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும்.’ அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே கட்ட அபராதம் எதுவும் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது, யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, இவ்வளவும் தடைக்காலத்தில் மறுபடி மூணு வட்டிக்குப் போனால் வீண். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், அதற்குள் இரண்டு தவணை வரும், 14,396 ரூபாய். அரசு தருகிற 8,000 ரூபாய் நிவாரணம் அரிசி பருப்புக்கு இருக்கட்டும். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 கட்டினால் அரசுப் பங்கோடு 4,500-ஆகத் திரும்பி வரும், அதைக் கட்டாமல் விடாதீர்கள். ஆனால் இவை கைக்கு வரும் நாளை நம்பித் தவணையை வைக்க வேண்டாம். ஜூன் 15-க்குப் பிறகு படகு இறங்கி நல்ல மீன்பாடு கிடைக்கிற வாரங்கள் இருக்கின்றனவே, அப்போதே எடுத்து வைக்க ஆரம்பிக்க வேண்டும். வாடைக் காற்று கிளம்பிவிட்டால் முடியாது.

என் அம்மா பாம்பனில் மீன் கூடை சுமந்தவர். கரையில் கிடைக்கிற நோட்டெல்லாம் ஈரமாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்ததும் சுளகில் பரப்பி, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டையை வைத்து வெயிலில் காய விடுவார். காய்ந்ததும் முதலில் எடுக்கிற நோட்டு பனையோலைப் பெட்டிக்குப் போகும், பத்து ரூபாயோ நூறு ரூபாயோ எது கையில் வருகிறதோ அது. அதற்குப் பிறகுதான் கடைக்காரருக்கு, எங்களுக்கு. அந்தப் பெட்டிக்கு ‘சித்திரைப் பெட்டி’ என்று பெயர், சித்திரை வைகாசிக்கு முன்னால் யார் கேட்டாலும் திறக்க மாட்டார். நீங்கள் அஞ்சலகத்தில் ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கைத் தடைக்காலத்துக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி. வேண்டாம், மாதா மாதம் ஒரே தொகை கட்டச் சொல்லும், நம் வருமானம் அப்படி வருவதில்லை. ஒவ்வொரு பங்குப் பணத்திலும் பத்தில் ஒன்று என்று வைத்துப் பாருங்கள்.

சமையல்கட்டில் மிச்சம் பிடிக்க வழி இல்லாமல் இல்லை. மாசி பங்குனி வெயிலில் நெத்திலியும் சாளையும் மொட்டை மாடியில் காயப் போட்டால் தடைக்காலம் முழுக்கக் குழம்புக்கு ஆகும். குண்டு மிளகாயை மகசூல் நேரத்தில் வருடத்துக்கும் சேர்த்து வாங்கி, காயவைத்து, மில்லில் அரைத்து வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் நீங்கள் ஏற்கனவே செய்துகொண்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: நாங்கள் மண்டபம் பக்கம் மிதவையில் பாசி வளர்க்கிறோம். 45 நாளுக்கு ஒரு முறைதான் காசு. தவணையோ மாதா மாதம். எப்போதும் கடைசி நேரத்தில் ஓட்டமாக இருக்கிறது.
— வாசகி, மண்டபம்

பதில்: காசு வந்த அன்றே ஒன்றரை மாதத் தவணையை எடுத்து, தவணை பிடிக்கிற கணக்கில் போட்டுவிடுங்கள், ஒரு தவணையை மட்டும் போடாதீர்கள். மாதத் தவணை 4,000 என்றால் 6,000 போட வேண்டும். இரண்டு அறுவடைக்கு மூன்று தவணை சரியாக வந்துவிடும். அப்புறம், புயலில் மிதவை அறுந்து போகிற வருடமும் உண்டு என்பதால், அந்தக் கணக்கில் எப்போதும் ஒரு தவணை அதிகமாகக் கிடக்கும்படி மெதுவாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தவணை ஒரு முறை திரும்பினாலே வங்கி அபராதம் போடும், நீங்கள் கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் குறையும்.

கேள்வி: கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. அஞ்சலக ஆர்.டி. மாதிரி எதிலாவது போடவா, வீட்டுக் கடனில் கட்டவா? கடன் வட்டி 9 சதவீதம்.
— வாசகர், தொண்டி

பதில்: தம்பி, ஐந்து வருட ஆர்.டி.க்கு 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீதம். 9 கொடுத்துக்கொண்டு 6.7 வாங்குவதில் லாபம் இல்லை. மூன்று மாதச் செலவை ஆஸ்பத்திரி, அவசரம் என்று தனியாக வைத்துவிட்டு மீதியை அசலில் கட்டுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். 2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியை, மொத்தம் 1.25 சதவீதம் குறைத்தது. உங்கள் கடன் 2019 அக்டோபருக்கு முந்தியது என்றால் அந்தக் குறைப்பு முழுதாக உங்களுக்கு வந்திருக்காது. ரெப்போவோடு சேர்ந்து வட்டி மாறும் புதிய முறைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள், சிறு கட்டணம் இருக்கும், பெரும்பாலும் அது நஷ்டமாகாது.

கேள்வி: என் கணவர் சவுதியில் இருந்து அனுப்பிய பணத்தில் வீட்டுக் கடனை அடுத்த மாதம் முடிக்கப் போகிறோம் அக்கா. கடைசித் தவணை கட்டியதும் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?
— வாசகி, பெரியபட்டினம்

பதில்: ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. வெளிநாட்டு வெயிலில் நின்று சம்பாதித்த பணத்தை வீட்டில் நிறுத்திவிட்டீர்கள். கடன் முடிந்ததற்கான கடிதத்தை வாங்குங்கள். மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும், அவர்கள் பக்கம் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும், 2023 டிசம்பர் முதல் இதுதான் விதி. பத்திரத்தை வாங்கும்போது கடன் வாங்கிய அன்று கொடுத்த பட்டியலோடு ஒவ்வொரு தாளாக ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், தாய்ப்பத்திரம் முக்கியம். அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தைப் பதிவு செய்திருப்பீர்கள், அந்த அடமானம் தீர்ந்தது என்று காட்டும் ரசீது பத்திரம் போட வங்கியிலிருந்து ஆள் வர வேண்டும், நாள் கேட்டு வாங்குங்கள். அது முடிந்து சில நாள் கழித்து வில்லங்கச் சான்று எடுத்து, அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.