தலைப்பு எங்கே, நேரம் எங்கே? கட்டுரைத் தேர்வு கேள்வி-பதில்

இம்முறை முப்பது கடிதம் போல வந்திருக்கின்றன. பாதியைத் திறந்ததுமே மூடிவிட்டேன். கட்டுரை இருக்கிறது, எந்தத் தலைப்புக்கு எழுதியது என்பது இல்லை. மீதியில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: ஏ.சி.டி. (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) பயிற்சிக் கட்டுரை ஒன்று இணைத்திருக்கிறேன். 12-க்கு எவ்வளவு வரும்? சீக்கிரம் சொல்லவும். (மாணவர், கொடைக்கானல்)

ப: தலைப்பு இல்லை. எத்தனை நிமிடத்தில் எழுதினீர்கள் என்றும் இல்லை. ஏ.சி.டி.யில் ஒரு பிரச்சினையைச் சொல்லி, அதன்மேல் மூன்று கோணங்களையும் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் கருத்தைச் சொல்லி, அந்த மூன்றில் ஒன்றோடாவது அது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முட்டுகிறது என்று காட்ட வேண்டும். அந்த மூன்றையும் கண்ணில் காட்டாமல் மார்க் மட்டும் கேட்டால், சோசியரிடம்தான் போக வேண்டும். மறுபடி அனுப்புங்கள்: தலைப்பு, நேரம், நேரம் முடிந்து மணி அடித்த இடத்தில் ஒரு கோடு. 'சீக்கிரம்' வேண்டாம்.

கே: எஸ்.ஏ.டி. கட்டுரைக்கென்று தனிப் பயிற்சி, தனிக் கட்டணம் என்கிறார்கள். மகனைச் சேர்க்கலாமா? (தந்தை, அருவங்காடு)

ப: ஏ.சி.டி. போலவே அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்.ஏ.டி.யில் கட்டுரைப் பகுதியை 2021 ஜூனோடு எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்கள் பள்ளி நாளில் நடத்தும் தேர்வில் மட்டும்தான் அது மிச்சம். அருவங்காட்டுப் பையனுக்கு அதில் வேலையில்லை. பணம் கட்டியாகிவிட்டது என்றால் திருப்பிக் கேளுங்கள், ஐயா.

கே: ஒரே கட்டுரைக்குப் பள்ளி ஆசிரியர் 8 போட்டார், ட்யூஷன் சார் 10 போட்டார். யாரை நம்புவது? (மாணவி, வெலிங்டன்)

ப: இருவரையும். ஏ.சி.டி.யிலேயே இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, கருத்து, விரிவு, ஒழுங்கமைப்பு, மொழி என்கிற நான்கு கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை போடுகிறார்கள். இருவர் போட்டதையும் கூட்டித்தான் 12-க்கு இவ்வளவு என்று வருகிறது. அவர்களுக்குள் ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தால் யாரும் பதறுவதில்லை. அதற்கு மேல் போனால்தான் மூன்றாவது ஆள். ஒருவரின் 4-ம் இன்னொருவரின் 5-ம் இரட்டித்தால் உங்கள் 8-ம் 10-ம்தானே? எண்ணை விடுங்கள். இருவரும் ஒரே பாராவில் பேனாவை நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிறுத்தியிருந்தால் வேலை அங்கே இருக்கிறது.

கே: எடுத்துக்காட்டுக்கு எடிசன், அப்துல் கலாம், மலாலா மூவரையும் தயாராக வைத்திருக்கிறேன். போதுமா? (மாணவி, கோத்தகிரி)

ப: அந்த மூவரையும் எந்தத் தலைப்பிலும் நுழைத்துவிடலாம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். திருத்துகிறவர் அன்று காலையிலேயே பத்து எடிசனைப் பார்த்திருப்பார்.

தனிமனித உரிமையா, பொதுநலனா என்கிற வகைத் தலைப்பு அடிக்கடி வரும். இ-பாஸை எடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் பதிவு செய்துவிட்டுத்தான் ஏற முடிகிறது. லாட்ஜ் வைத்திருப்பவர் ஒன்று சொல்வார். கோடை சீசனில் ஆம்புலன்ஸ் நகராமல் நின்றதைப் பார்த்தவர் வேறு சொல்வார். கோவையிலிருந்து குடும்பத்தோடு கிளம்பியவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூன்று கோணமும் உங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே கிடைக்கிறது. சந்தை நியாயமானதா என்று கேட்டால், குன்னூர் தேயிலை ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் உங்கள் வீட்டுக் கொழுந்துக்கு விலை என்பது இருக்கிறது.

ஒரே நிபந்தனை. திருத்துபவருக்கு நீலகிரி எங்கே இருக்கிறதென்று தெரியாது. அரை வரியில் ஊரைச் சொல்லிவிட்டு வாதத்துக்குப் போய்விடுங்கள். பனிமூட்டமும் பச்சைத் தோட்டமும் ஒரு பாரா ஓடினால் குறுக்கே அடிப்பேன்.

கே: மகள் எழுதிய கட்டுரையை அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து புரியாது என்று நானே டைப் செய்தேன். ஒன்றிரண்டு ஸ்பெல்லிங் மட்டும் சரிசெய்தேன். எங்கே முன்னேற வேண்டும்? (தாய், குன்னூர்)

ப: அம்மா, 40 நிமிடக் கட்டுரை என்று எழுதியிருக்கிறீர்கள். வந்திருப்பது கிட்டத்தட்ட 800 சொற்கள். ஒரு கமா கூடப் பிசகவில்லை. முடிவுரையில் இருக்கிற நிதானம் 40-வது நிமிடத்தில் யாருக்கும் வராது. இதை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. எப்போது எழுதியது என்று கேட்கிறேன்.

பல வருடமாக இதையே சொல்லி வாய் வலிக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு இறக்கிவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் அவர் எதைப் பார்ப்பார்? நேரம் வைத்து எழுதுவதே, நேரத்துக்குள் எது உடைகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். மணி அடித்த பிறகு பிள்ளை ஒரு பாரா சேர்க்கிறாள், அம்மா ஸ்பெல்லிங் பார்க்கிறார், அப்பா ஏதோ ஒரு ஏ.ஐ. செயலியில் போட்டு மெருகேற்றுகிறார். கடைசியில் என்னிடம் வருவது மூன்று பேர் எழுதிய கட்டுரை. நான் திருத்தினால் அது யாருக்குப் போய்ச் சேரும்?

அந்த ஸ்பெல்லிங்குக்காக இவ்வளவு பாடு தேவையும் இல்லை. ஏ.சி.டி.யின் மதிப்பீட்டு அளவுகோலில் உச்சப் புள்ளியான 6-க்கே, பொருள் புரிவதைக் கெடுக்காத சில சின்னப் பிழைகள் இருக்கலாம் என்றுதான் இருக்கிறது. மொழி என்பது நான்கு கூறுகளில் ஒன்று. கருத்தும் அலசலும், ஆதாரத்தோடு விரித்துச் சொல்வது, ஒழுங்கமைப்பு ஆகிய மற்ற மூன்றும் எங்கே சரிகின்றன என்பது, முடியாமல் நின்ற கட்டுரையில்தான் தெரியும். பாதி வாக்கியத்தில் அறுந்த கட்டுரை எனக்குப் பொக்கிஷம்.

இப்படிச் செய்யுங்கள். மகள் எழுதும்போது யோசித்து முடித்த நேரம், ஒவ்வொரு பாராவும் முடிந்த நேரம் இவற்றை ஓரத்தில் குறிக்கட்டும். எட்டு நிமிடம் போல யோசிக்க, முப்பதுக்குக் கொஞ்சம் குறைவாக எழுத, மிச்சத்தில் ஒருமுறை படித்துப் பார்க்க. முன்னுரைக்கே கால்மணி நேரம் போயிருந்தால் நோய் கண்டுபிடித்தாயிற்று. எனக்கு எழுதக்கூட வேண்டாம். மணி அடித்ததும் கோடு. அதற்குப் பிறகு எழுதியே ஆக வேண்டுமென்றால் வேறு நிற மையில் எழுதட்டும், இரண்டையும் படிக்கிறேன். நீங்கள் தொடாதீர்கள். கையெழுத்து புரியாவிட்டால் அது என் கஷ்டம்.

பாராட்டு வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுரை ரொம்ப நன்றாக இருக்கிறது.

கே: க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) தேர்வில் கட்டுரைக்கு எத்தனை மார்க்? (மாணவர், கூடலூர்)

ப: க்யூட்டில் கட்டுரையே கிடையாது. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். விண்ணப்பிக்கும் முன் தகவல் கையேட்டை ஒருமுறையாவது திறந்து பாருங்கள், தம்பி.

கே: பிரிட்டனில் சட்டம் படிக்க எல்நாட் நுழைவுத் தேர்வு எழுதுகிறேன். அதில் கட்டுரைக்கு மார்க் இல்லையாமே, பயிற்சியை விட்டுவிடலாமா? (மாணவர், ஊட்டி)

ப: எல்நாட் நடத்துபவர்கள் மார்க் போடுவதில்லை என்பது சரி. ஆனால் கட்டுரை அப்படியே பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. அதை அவர்கள் படிக்கலாம், நேர்காணலில் அதைப் பற்றியே கேட்கலாம். 42 கேள்விகளுக்கு 95 நிமிடம், கட்டுரைக்குத் தனியாக 40. மூன்று தலைப்பில் ஒன்று. 500 முதல் 600 சொற்களே போதும் என்கிறார்கள், 750 உச்சவரம்பு. நீங்கள் அனுப்பியது 900-ஐத் தொடுகிறது. சட்ட அறிவைக் காட்டவும் வேண்டாம். ஒரு பக்கம் எடுத்து, எதிர்வாதத்தை நேர்மையாகச் சொல்லி, அதற்குப் பதில் சொன்னால் போதும். தலைப்பை இணைத்திருந்தீர்கள், நன்றி.

கே: மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போய்விடுகிறது. கையால் எழுதிப் பழகினால் போதாதா? (மாணவி, பந்தலூர்)

ப: யோசிப்பதற்கும் குறிப்பெடுப்பதற்கும் போதும். ஆனால் இந்தியாவில் ஏ.சி.டி. கணினியில்தான், எல்நாட்டும் அப்படியே. ஆங்கிலம் நன்றாக வரும், விசைப்பலகையில் ஒற்றை விரல் நடை போடும் பிள்ளைகள் கடைசி பாராவை எட்டுவதே இல்லை. பேட்டரி இருக்கிற நேரத்தை டைப்புக்கு வையுங்கள். ஸ்பெல்லிங் திருத்தும் வசதியை அணைத்துவிட்டு டைப் செய்யுங்கள்.

கே: ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் எழுத்துத் தாளில் இரண்டாவது பகுதியில் 180 சொல்லோடு நின்றுவிடுகிறேன். (மாணவர், பண்ணைக்காடு)

ப: 250 கேட்கிறார்கள், அதற்குக் குறைந்தால் மார்க் அடிபடும். முதல் பகுதியைப்போல இரண்டு மடங்கு மதிப்பு இதற்கு. முதல் பகுதியில் 20 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நேரம் குறிக்காமல் அனுப்பியதால் நினைக்கத்தான் முடிகிறது. எந்த வரிசையிலும் எழுதலாம், இரண்டாவதை முதலில் எழுதிப் பாருங்கள்.

கே: வாரம் ஐந்து கட்டுரை எழுதுகிறேன். மார்க் அசையவில்லை. (மாணவி, கேத்தி)

ப: நான்கைக் குறையுங்கள். ஒன்றை எழுதுங்கள், யாரிடமாவது காட்டுங்கள், ஒரே ஒரு குறையை மட்டும் கேளுங்கள். மூன்று நாள் கழித்து அதே தலைப்பை, முதல் கட்டுரையைப் பார்க்காமல், மறுபடி 40 நிமிடம் வைத்து எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். தலைப்போடு.