மச்சானின் லீசிங்கைக் கட்டும் தாலிக்கொடி

கேள்வி: இலங்கையின் வன்னிப் பகுதியில், மாங்குளத்தில் சின்னதாகப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். 2023 ஆரம்பத்தில் மனைவியின் தாலிக்கொடியையும் (3 பவுண்) ஒரு சோடிக் காப்பையும் (2 பவுண்) வங்கியில் அடகு வைத்து, 4.5 லட்சம் எடுத்து லேசர் மெசின் வாங்கினேன். அதில் இறப்பர் சீல் வெட்டிக் கொடுக்கிறேன். மாதம் 40 சீல் அளவில் போகும், செலவெல்லாம் போக 38,000 ரூபாய் நிற்கும். போன வருடம் யூன், யூலையில் 90,000 கூட வந்தது. அடகை வருடா வருடம் திருப்பி வைக்கிறேன். 2024இல் 6 லட்சம், 2025இல் 9 லட்சம். இப்போது வட்டியோடு 10 லட்சத்துச் சொச்சம். பவுண் விலை ஏறியதால் 14 லட்சம் வரை தரலாம் என்கிறார்கள். எடுத்தால் மச்சானின் உழவு இயந்திர லீசிங் (தவணைக் கடன்) நிலுவையைக் கட்டிவிட்டு, மிச்சத்தைப் பைபர் லேசர் மெசினுக்கு முற்பணமாகக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். மச்சானின் வயல் 2024 நவம்பர் வெள்ளத்தில் போய்விட்டது, காலபோக (மாரிகால நெல்) அறுவடைக்குத் தருகிறேன் என்று இரண்டு முறை சொல்லியும் பழைய காசை அவர் தரவில்லை. இப்போதுள்ள மெசினில் எழுத்து முன்னைப்போல ஆழமாக விழுவதில்லை. கையில் 50,000 இருக்கிறது. அடகுத் தவணை அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது, அதற்கு முன் 1.2 லட்சம் சீட்டுக் காசு வரும். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, தொழிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஏ4 அளவு லேசர் இறப்பர் தாள் ஒன்றில் விலாச சீல் முப்பது அளவில் வெட்டலாம். சீலின் கைபிடிக்கும் மைக்கும்தான் கூடுதல் செலவு. கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று ஊரில் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றிலும் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று சீல். மாதம் 38,000 நிற்கிறது என்றால் அந்த மெசின் போட்ட காசை எப்போதோ தந்துவிட்டது. அப்படியிருந்தும் நகை ஏன் இன்னும் வங்கியில் கிடக்கிறது?

நீங்கள் அனுப்பிய மூன்று அடகுத் துண்டுகளையும் வைத்துக் கணக்குப் பார்த்தேன். முதல் வருடம் 4.5 லட்சத்துக்கு 20 வீத வட்டி, 90,000. திருப்பி வைத்து 6 லட்சம் எடுத்தபோது, பழைய கடனும் வட்டியும் போகக் கைக்கு வந்தது 60,000. இரண்டாம் வருடம் 14 வீதம், 84,000. அதையும் கடனோடு சேர்த்து 9 லட்சமாக வைத்தீர்கள், கைக்கு வந்தது 2.16 லட்சம். மூன்றாம் வருடம் 12 வீதம், 1.08 லட்சம். ஆக, இன்றைய 10.08 லட்சத்தில் மெசினுக்குப் போனது 4.5 லட்சம்தான். வட்டி 2.82 லட்சம். மிச்சம் 2.76 லட்சமும் மச்சானின் லீசிங்குக்கும் விதைநெல்லுக்கும் போயிருக்கிறது என்று நீங்களே துண்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று வருடமாகக் கடனின் முதல்தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. வட்டியையும் கைக்காசால் கட்டவில்லை, கடனாலேயே கட்டியிருக்கிறீர்கள். பவுண் விலை ஏறுகிறதே என்று நகையைத் திருப்பி வைத்துக் கூட எடுக்கிற இந்தப் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். விலை ஏறினால் அது உங்கள் மனைவியின் சொத்து ஏறியது. அதை வங்கியில் எடுத்துச் செலவழித்தால் ஏறியது உங்கள் கடன் மட்டும்தான். விலை என்றைக்கும் ஏறும் என்றும் இல்லை. 2013இல் உலகச் சந்தையில் பவுண் விழுந்தபோது, நகையின் பெறுமதியை விட கடன் பெரிதாகி, மீட்காமல் விட்டவர்கள் எத்தனை பேர்! வங்கிகளே அதில் அடிபட்டன.

14 லட்சம் எடுத்தால் 12 வீதத்தில் மாதம் 14,000 வட்டி. 38,000 ரூபாயில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அதிலேயே போய்விடும். யூன், யூலைக் கணக்கை வைத்து யோசிக்காதீர்கள். 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது, புதுத் தவிசாளர், புது உறுப்பினர் எல்லோரும் சீல் அடித்தார்கள். சபைகளின் காலம் நான்கு வருடம், அப்படி ஓடர் மாதாமாதம் வராது.

பைபர் லேசரைப் பற்றி விற்பவர் உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அது உலோகத்தில் அடையாளம் போடுகிற மெசின். இறப்பர், பலகை, நிறமில்லாத அக்ரிலிக் போன்றவற்றுக்கு உங்களிடம் இருக்கிற சிஓ2 லேசர்தான் சரி. சீல் வெட்டிப் பிழைக்கிற நீங்கள், சீல் வெட்டாத மெசினுக்குத் தாலிக்கொடியில் முற்பணம் கட்டப் போகிறீர்கள். பேனையிலும் திறப்புக்கோர்வையிலும் பெயர் அடிக்க மாங்குளத்தில் மாதம் எத்தனை பேர் வருவார்கள்? ஆறு மாதம் அப்படியான ஓடர்களை எடுத்து வெளியே கொடுத்துச் செய்வித்துப் பாருங்கள். கொப்பியில் ஓடர் நிறைந்தால் அப்புறம் பேசலாம்.

எழுத்து ஆழமாக விழாததற்குப் புது மெசின் தேவையில்லை. இறப்பர் எரியும்போது வரும் புகைக்கரி வில்லையிலும் கண்ணாடிகளிலும் படியும், முதலில் அதைத் துடையுங்கள். வன்னி வெயிலில் குளிரூட்டும் தண்ணீர் சுட்டுப்போனாலும் லேசர் வலு குறையும், லேசர் கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாயின் ஆயுளும் குறையும். தண்ணீர் வாளிக்குள் ஐஸ் போத்தல் போட்டுப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் குழாய் தேய்ந்திருக்கும். எப்படியும் அது தேய்கிற சாமான், மாதம் 4,000 அதற்கென்று தனியாகப் போடுங்கள்.

இனி அடகு. நான் சொல்லப்போவது உங்கள் மனைவியின் நகையைப் பற்றியது, ஆகவே அவர் சம்மதித்தால் மட்டும். அடுத்த மாதம் எல்லாவற்றையும் ஒரே துண்டில் திருப்பி வைக்காதீர்கள். அவர்கள் சொல்கிற 14 லட்சப்படி பார்த்தால் பவுணுக்கு 2.8 லட்சம். தாலிக்கொடியை மட்டும் வைத்தால் 8.4 லட்சம் வரும். அதோடு சீட்டுக் காசு 1.2 லட்சமும் கையில் இருப்பதில் 48,000 ரூபாயும் சேர்ந்தால் 10.08 லட்சம் சரி. காப்பு உங்கள் கைக்கு வரும். அதை விற்றுவிடுங்கள். கழிவு போகப் பவுணுக்கு 3 லட்சம் என்று வைத்தாலும் 6 லட்சம். அதை அப்படியே தாலிக்கொடித் துண்டில் பகுதிக் கட்டணமாகக் கட்டினால் மிச்சம் 2.4 லட்சம். மாதம் 20,000 கட்டிவந்தால் பதின்மூன்று மாதமளவில் கொடி வீட்டுக்கு வரும்.

காப்பை விற்காமல், சீட்டுக் காசால் வட்டியை மட்டும் கட்டி, 9 லட்சத்தை அப்படியே வைத்து மாதம் 20,000 கட்டலாமே என்று கேட்பீர்கள். கட்டலாம், ஐந்து வருடம் ஆகும். அந்த ஐந்து வருடமும் மச்சான் கேட்காமல் இருப்பாரா?

மச்சானின் விஷயத்தில் நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது: அந்த லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் அந்தப் பத்திரத்தின் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு எனக்குத் திரும்ப எழுதுங்கள், அது வேறு கதை. போடாவிட்டால் இனியும் போடாதீர்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் அவருடைய வயல் போனது பெரிய நட்டம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காலபோக அறுவடைக்குத் தருகிறேன் என்று இரண்டு முறை சொல்லித் தராதவருக்கு மூன்றாம் முறை காசு கொடுப்பதைவிட, ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு லீசிங் கம்பனிக்குப் போய், மாதத் தவணையை அறுவடைக்கு அறுவடை கட்டுகிற மாதிரி மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மறுத்தால், அவர்கள் பறிப்பதற்கு முன் இயந்திரத்தை அவரே நல்ல விலைக்குக் கொடுத்துக் கடனை முடிக்கட்டும். அதற்கு ஆள் பிடித்துக் கொடுப்பது நீங்கள் செய்யக்கூடிய உதவி.